கதை எந்த வருஷத்தில் தொடங்குகிறது? ஆஸ்திரேலிய ஊர் வரலாறுகளில் எதை முதலில் எடுப்பது

491 விசாவில் ஆஸ்திரேலியா வருகிறவர்களுக்கு சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் மூன்றும் கணக்கில் வராது. ‘ரீஜனல்’ என்று அரசு குறித்து வைத்திருக்கிற இடத்தில் குறைந்தது மூன்று வருஷம் இருந்து, வேலை பார்த்து, வரி கட்டிக் காட்டினால் அப்புறம்தான் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) பேச்சே. அப்படி மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் வந்து இறங்கிய ஊர் ராக்ஹாம்ப்டன். குவீன்ஸ்லாந்தில், மகர ரேகை ஓடும் இடத்தில், ஃபிட்ஸ்ராய் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ‘ராக்கி’. மாட்டிறைச்சிக்குத் தலைநகரம் என்று பெருமை பேசும் ஊர், அதனால் முக்கியமான சாலைகளில் ஆளுயரக் காளைச் சிலைகள் நிற்கும். அந்தக் காளைகளின் விரைகளை ராத்திரியோடு ராத்திரியாக யாராவது கழற்றிக்கொண்டு போவதும், நகரசபை புதிதாகச் செய்து ஒட்டுவதும் இங்கே பழைய விளையாட்டு.

போன வருஷம் இங்கே ஆறு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு சாப்பாட்டோடு ஒரு புத்தகமும் பேசலாம் என்று ஆரம்பித்தோம். “நாம இருக்கிற இந்த மண்ணைப் பத்தி எதையாவது படிப்போமே” என்று ஓர் அக்கா சொன்னார். எல்லாரும் சரி என்று தலையாட்டிவிட்டு, எதைப் படிப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் நூலகத்துக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கும் நடந்தேன். அதில் ஆன்லைனில் வாங்கிய ஒரு புத்தகம் முதல் நாற்பது பக்கம் ஈரத்தில் ஒட்டிப்போய், பிரித்தால் கிழியும், பிரிக்காவிட்டால் படிக்க முடியாது என்ற நிலையில் வந்து சேர்ந்தது. அது போகட்டும். எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன், இதே மாதிரி ஏதோ ஓர் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் சின்ன ஊருக்குக்கூட ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கும். நூற்றாண்டு விழா மலர், பள்ளிக்கூட நூற்றைம்பதாம் ஆண்டு மலர், வரலாற்றுச் சங்கம் போட்ட தொகுப்பு என்று நூலகத்தில் ‘உள்ளூர் வரலாறு’ அலமாரி முழுக்க இவைதான். நம் மொழியில் சொன்னால் தலபுராணம். ஆற்றைப் பார்த்தார், குதிரையை நிறுத்தினார், இங்கே ஓர் ஊர் அமைக எனத் திருவாய் மலர்ந்தார் என்ற ரீதியில் போகும். மேயர்களின் பட்டியல், வெள்ளம் வந்த வருஷங்கள், கிரிக்கெட் அணிப் புகைப்படம், முதல் ரயில், முதல் பேக்கரி. இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரிய வேண்டுமானால் இதில்தான் பார்க்க வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்காதீர்கள், ஒரு மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து புரட்டினால் போதும்.

இப்படிப் புரட்டிப் புரட்டி எனக்கு ஒரு குறுக்குவழி பிடிபட்டது. புத்தகத்தை எடுத்ததும் கதை எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அட்டையிலேயே போட்டிருப்பார்கள் பெரும்பாலும். அந்த வருஷம் முதல் வெள்ளைக்காரர் அங்கே வந்து பார்த்த வருஷமாக இருந்தால், அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகவோ ஒரு பத்தியாகவோ வந்துவிட்டுப் போய்விடுவார்கள். ராக்ஹாம்ப்டனுக்கு அந்த வருஷம் 1853. சார்ல்ஸ் ஆர்ச்சர், வில்லியம் ஆர்ச்சர் என்ற சகோதரர்கள் ஃபிட்ஸ்ராய் ஆற்றைப் பார்த்தது அப்போது. 1855இல் ஆடுகளோடு வந்து பக்கத்திலுள்ள கிரேஸ்மியரில் தங்கினார்கள். 1858இல் கனூனாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கில் ஆட்கள் கப்பலேறி வந்து, தங்கம் சீக்கிரமே தீர்ந்துபோய், திரும்பிப் போகக் காசில்லாதவர்கள் ஊரை நிரப்பினார்கள்.

எங்கள் ஊருக்கென்று முறையான வரலாறு ஒன்று உண்டு. லோர்னா மக்டொனால்ட் எழுதியது, 1981இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது. தலபுராண ரகமில்லை, ஆவணங்களில் ஊறி எழுதிய கனமான புத்தகம். இந்த ஊரில் வீடு வாங்கிக் காலூன்றப் போகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்து மவுண்ட் மார்கன் சுரங்கத்துத் தங்கம் ராக்ஹாம்ப்டன் வக்கீல் ஒருவரைப் பெரும் பணக்காரராக்கியது. வில்லியம் நாக்ஸ் டார்சி என்று பெயர். அவர் இங்கிலாந்து போய், அந்தப் பணத்தைப் பாரசீகத்தில் எண்ணெய் தோண்டப் போட்டார், அதிலிருந்துதான் பி.பி. என்று இன்று நாம் பெட்ரோல் போடும் கம்பெனி முளைத்தது. ஆற்றங்கரையில் கீ ஸ்ட்ரீட்டில் வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் வந்தால் நடையே மாறிவிடுகிறது. இருந்தாலும் குழுவாகப் படிக்க இதை நான் பரிந்துரைக்கவில்லை. இது தேடிப் பார்ப்பதற்கான புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூச்சுப் பிடித்துப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு பேச உட்கார்ந்தால் யாருக்கும் பேச்சு வராது.

அடுத்து, பெரிய எழுத்தாளர்களின் பழைய பிராந்திய வரலாறுகள். இதில் இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று மார்கரெட் கிடிலின் ‘மென் ஆஃப் யெஸ்டர்டே’. விக்டோரியாவின் மேற்கு மாவட்டத்தின் சமூக வரலாறு, 1834 முதல் 1890 வரை. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் ஆட்டு ரோமத்தில் பணம் குவித்து, கருங்கல் மாளிகை கட்டி, பெரிய மனிதர்களாக ஆன கதை. கிடில் 1958இல் 43 வயதில் நோயில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கைப்பிரதியைச் சக ஆசிரியர்கள் அச்சுக்குக் கொண்டுவந்தது 1961இல். வீட்டுக்குள் என்ன சமைத்தார்கள், வேலைக்காரர்கள் எப்படிக் கிடைத்தார்கள், கடன் எப்படி ஏறியது என்று அந்தக் காலத்தில் யாரும் கவனிக்காத விஷயங்களைக் கவனித்த பெண்மணி. உரைநடை அருமை. ஆனால் மேற்கு விக்டோரியாவை இந்தப் புத்தகத்தோடு மட்டும் சுற்றிப் பார்க்க முடியாது. ஏன் என்று ஓர் இடத்தைச் சொன்னால் விளங்கும்.

கேம்பர்டவுன் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் 1840, 1883 என்று இரண்டு வருஷங்கள் செதுக்கியிருக்கின்றன. ஒரு மனிதர் பிறந்த, இறந்த வருஷம் என்று நினைப்போம். இல்லை. அந்த வட்டாரத்துப் பூர்வகுடி மக்கள் அழியத் தொடங்கிய வருஷமும் அழிந்து முடிந்ததாகக் கருதப்பட்ட வருஷமும். ஜேம்ஸ் டாசன் என்ற குடியேறி நிறுத்திய தூண் அது. அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் அவருடைய நண்பர் வூம்பீச் புயூன் இறந்துபோக, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சேற்று நிலத்தில் புதைத்துவிட்டிருந்தார்கள். திரும்பி வந்த டாசன் உடலைத் தோண்டி எடுத்து உள்ளே கொண்டுவந்து புதைத்தார், தூணுக்குச் சுற்றுவட்டாரப் பணக்காரர்களிடம் நன்கொடை கேட்டார், பெரும்பாலோர் கைவிரித்தார்கள். ஆக 1880களிலேயே அங்கே ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது, கல்லில் எழுதி நிறுத்தியும் இருக்கிறார். அந்த வட்டாரத்துப் படுகொலை இடங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்ட இயன் கிளார்க்கின் புத்தகமோ 1995இல்தான் வருகிறது. கிடிலைப் படிப்பதானால் கிளார்க்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அதே மாவட்டத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கி, வாய்க்கால் வெட்டி, விலாங்கு மீன் வளர்த்த புட்ஜ் பிம் இருக்கிறது, 6,000 வருஷத்துக்கு மேல் பழையது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1834 என்று அட்டையில் போட்டுவிட்டால் அந்த ஆறாயிரம் வருஷமும் அட்டைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இரண்டாவது ஜெஃப்ரி பிளேனியின் ‘தி பீக்ஸ் ஆஃப் லையல்’. டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் மவுண்ட் லையல் தாமிரச் சுரங்கம், குவீன்ஸ்டவுன் ஊர். 1954இல் வந்தது, எழுதியபோது அவருக்கு இருபத்தி மூன்று இருபத்து நான்கு வயதுதான். சுரங்கக் கம்பெனியே அமர்த்தி எழுதவைத்த வரலாறு என்றாலும் கம்பெனிக்குப் பாட்டுப் பாடுகிற புத்தகமில்லை, பழைய சுரங்கத் தொழிலாளிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது தெரிகிறது. 1912இல் 42 பேர் செத்த சுரங்க விபத்தை இதில் படித்தால் மூச்சு முட்டும். உலைகளின் கந்தகப் புகையும் விறகு வெட்டும் சேர்ந்து சுற்றியுள்ள மலைகளை மொட்டையடித்துவிட்டன. இன்றும் அந்த ஊர்க் கால்பந்து மைதானத்தில் புல் கிடையாது, சரளைக்கல்தான், விழுந்தால் முட்டி கிழியும். எங்கள் குழுவில் மவுரா பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியர் அண்ணா ஒருவர் இருக்கிறார். அவர் ஒரே பிடியாக “பிளேனிதான் படிக்கணும், அவர் ஒருத்தர்தான் உலை எப்படி எரியுதுன்னு ஒழுங்கா சொல்றார்” என்று நின்றார். நியாயம்தான். இயந்திரம், பங்குச்சந்தை, தொழிற்சங்கம் இதிலெல்லாம் ஆர்வமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பங்குகளின் ஏற்ற இறக்கத்தில் எனக்குத்தான் கண் சொருகியது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த புத்தகங்களுக்கு வருகிறேன்.

ஜூடித் ரைட் என்ற பெயரை ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும், பெரிய கவிஞர். அவர் 1959இல் ‘தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ என்று தன் தாத்தா பாட்டியைப் பற்றி எழுதினார். தாத்தா ஆல்பர்ட் ரைட், பாட்டி மே. ஹன்டர் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் பெரிய வீடுமாக வளர்ந்த பெண், கல்யாணமாகி இங்கே டாசன் ஆற்றங்கரை மாட்டுப் பண்ணைக்கு வருகிறாள். வெயில், காய்ச்சல், பஞ்சம், வங்கிக் கடன். தாத்தா ஒழுங்காக நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், அதை வைத்துத்தான் பேத்தி எழுதுகிறார். 1890இல் தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகளையும் கடனையும் வைத்துக்கொண்டு பாட்டி நியூ சவுத் வேல்ஸின் நியூ இங்கிலாந்துப் பக்கம் பண்ணையைத் தூக்கி நிறுத்துகிறாள். நாவல் மாதிரி ஓடும். நம் வீட்டுப் பாட்டிகள் நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடியாது.

அப்புறம் 22 வருஷம் கழித்து, 1981இல், அதே கவிஞர் அதே நாட்குறிப்புகளை மறுபடியும் எடுக்கிறார். இந்த முறை எழுதியது ‘தி க்ரை ஃபார் த டெட்’. அதே டாசன் ஆறு, அதே பண்ணைகள், அதே தாத்தா. ஆனால் இப்போது கேள்வி வேறு: இந்த நிலத்திலிருந்த வாட்ஜா மக்கள் எங்கே போனார்கள்? குடும்பப் பெருமையாக ஒருமுறை எழுதிய கதையை, இறந்தவர்களின் பக்கம் நின்று தானே திருப்பி எழுதுவது என்பது எத்தனை எழுத்தாளருக்கு வரும் என்று தெரியவில்லை. இடையில் என்ன நடந்தது என்றால், நாடே மாறிக்கொண்டிருந்தது. 1968இல் ஸ்டேனர் என்ற மானுடவியலாளர் வானொலி உரையில், ஆஸ்திரேலிய வரலாற்றெழுத்தில் இருப்பது ஒரு பெரிய மௌனம் என்று போட்டு உடைத்தார். ரைட்டுக்குப் பூர்வகுடிக் கவிஞர் ஊட்ஜரூ நூனக்கலோடு ஆழமான நட்பு இருந்தது. முதல் புத்தகத்தில் ஓரத்தில் வந்துபோனவர்கள் இரண்டாவதில் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது புத்தகம் சுலபமான வாசிப்பு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாசன் ஆற்றின் மேல்பகுதியில் ஹார்னெட் பாங்க் என்ற பண்ணையில் 1857 அக்டோபரில் ஈமான் மக்கள் ஓர் இரவில் 11 பேரைக் கொன்றார்கள். 1861இல் ஸ்ப்ரிங்ஷூர் பக்கம் கல்லின்-லா-ரிங்கோவில் 19 குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். ஆஸ்திரேலிய மேடைகளில் இந்த எண்கள் நூறு வருஷமாகத் துல்லியமாகச் சொல்லப்பட்டு வந்தன. பதிலுக்கு நேட்டிவ் போலீஸும் (பூர்வகுடி ஆட்களை வெள்ளை அதிகாரிகளின் கீழ் வைத்து அரசு நடத்திய படை) பண்ணைக்காரர்களும் கொன்றவர்களுக்கு மட்டும் எண் கிடையாது, நூற்றுக்கணக்கில் என்றுதான் சொல்ல முடிகிறது. ரைட் இதைக் கத்தி எழுதவில்லை. புல் எப்படி மேயப்பட்டுத் தீர்ந்தது, நீர்ச்சுனைகளை மாடுகள் எப்படிக் குழப்பின, அந்தச் சுனைகளை நம்பியிருந்தவர்கள் அதனால் எங்கே நகர வேண்டியிருந்தது, நகர்ந்த இடத்தில் யார் துப்பாக்கியோடு நின்றார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகிறார்.

இந்த நிலம் தமிழர்களுக்கு அந்நியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிலோயீலா என்ற பெயரை 2018க்குப் பிறகு உலகெங்கும் தமிழ்ச் செய்தி படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தைக் குடியேற்ற அதிகாரிகள் அதிகாலையில் வீடு புகுந்து அழைத்துச் சென்றபோது, அவர்களை எங்களிடம் திருப்பி அனுப்புங்கள் என்று அந்தச் சின்ன ஊரே நான்கு வருஷம் விடாமல் குரல் கொடுத்தது. 2022 ஜூனில் அவர்கள் திரும்பி வந்தார்கள். ராக்ஹாம்ப்டனிலிருந்து மவுண்ட் மார்கன் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் பிலோயீலா, அங்கிருந்து மேற்கே போனால் டாசன் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம்தான் ஊராபிண்டாவும் இருக்கிறது, வாட்ஜா மண்ணில் அமைந்த பூர்வகுடிக் குடியிருப்பு. முன்பு டாரூமில் இருந்த குடியிருப்பை 1927 வாக்கில் கலைத்து, அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காரணம், டாசன் ஆற்றில் அணை கட்டப் போகிறோம், டாரூம் குடியிருப்பு முழுகிவிடும் என்பது. அந்த அணை இன்றுவரை கட்டப்படவில்லை. ரைட்டின் இரண்டாவது புத்தகத்தைப் படித்து முடித்த வாரத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆற்றுக்கும் ஓடைக்கும் மலைக்கும் வைத்திருக்கிற பலகைகளில் குடியேறிகளின் பெயர்களாகப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு, பிலோயீலா என்ற பலகை வந்ததும் என்னவோ மாதிரி இருந்தது. அது வெள்ளைக் காக்கட்டூவைக் குறிக்கும் பூர்வகுடிச் சொல்.

ரைட்டின் இந்த இரண்டுக்கும் ஈடாக வைக்கக்கூடிய ஒரே புத்தகம் என்று நான் நினைப்பது எரிக் ரோல்ஸின் ‘எ மில்லியன் வைல்ட் ஏக்கர்ஸ்’. அதுவும் 1981. (எங்கள் ஊர் வரலாறும் 1981, வரலாற்றாசிரியர் ஹென்றி ரெனால்ட்ஸ் ‘தி அதர் சைட் ஆஃப் த ஃப்ரான்டியர்’ எழுதியதும் 1981. அந்த வருஷம் இங்கே மழை அதிகமோ என்னவோ.) நியூ சவுத் வேல்ஸின் வடக்கே கூனபாரபிரானுக்கும் நாரப்ரைக்கும் நடுவில் பிலிகா என்ற பெரும் காடு. ரோல்ஸ் அதன் ஓரத்தில் நிலம் உழுத விவசாயி, கவிஞரும்கூட. காடு என்றால் ஆதிகாலத்திலிருந்து இருப்பது, நாம் வெட்டி அழிப்பது என்றுதானே நினைப்போம். ரோல்ஸ் சொல்வது தலைகீழ். பூர்வகுடி மக்கள் முறை வைத்து நெருப்பு மூட்டி வந்ததால் அது ஒரு காலத்தில் பெரிய மரங்கள் அங்கங்கே நிற்கும் திறந்த புல்வெளி. அவர்களை விரட்டியதும் நெருப்பு நின்றது. மரக்கன்றுகளைத் தின்று வைத்திருந்த சின்னக் கங்காரு வகைகளும் மாடு ஆடு வந்ததில் அழிந்தன. 1870களின் கடைசியில் நல்ல மழை பெய்தபோது சைப்ரஸ் பைன் கன்றுகள் கூட்டமாக முளைத்து, ஆடு மேய்த்தவர்களைத் துரத்திவிட்டுக் காடாகிவிட்டது. அப்புறம் முயல்கள் வந்து கன்றுகளை மறுபடி தின்றன. 1950இல் முயல்களைக் கொல்ல மிக்ஸோமடோஸிஸ் கிருமியைப் பரப்பினார்கள், மழையும் சேர, காடு இரண்டாம் முறை முளைத்தது.

முன்பு இருந்த மரங்களின் கணக்கில் அவர் சொல்வதைத் தாவரவியல் அறிஞர்கள் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை, அந்த வாதம் நடந்திருக்கிறது. ஆனால் புத்தகத்தின் ருசி அந்த ஒரு வாதத்தில் இல்லை. பல்லி, வண்டு, ரயில் கட்டைக்கு அயர்ன்பார்க் மரம் பிளந்தவர்கள், மாடு திருடியவர்கள், குடிகாரர்கள் எல்லாரையும் சமமாக உட்காரவைத்துப் பேசுகிற மனிதர் இவர். எறும்பைப் பற்றி எழுதும்போதும் மாஜிஸ்திரேட்டைப் பற்றி எழுதும்போதும் குரல் மாறாது. குறை என்றால், முன்பாதியில் பெயர்கள் கொட்டும். யார் எந்த ஓடைக்கரையை எந்த வருஷம் பிடித்தார், யாருக்கு விற்றார் என்று பக்கம் பக்கமாகப் போகும்போது நம் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பழைய பட்டா நோட்டைப் புரட்டுகிற உணர்வு வரும். அங்கே தாண்டித் தாண்டிப் படித்துவிடுங்கள், பாவமில்லை. இன்னொரு குறை, இதில் கமிலராய் மக்கள் நெருப்பு மூட்டியவர்களாக நன்றாகத் தெரிகிறார்கள், பெயரும் குரலும் உள்ள மனிதர்களாக அவ்வளவு தெரியவில்லை. இந்த இடத்தில் ரைட் முந்துகிறார்.

மூன்றாவதாக மார்க் மெக்கென்னாவின் ‘லுக்கிங் ஃபார் பிளாக்ஃபெல்லாஸ் பாயின்ட்’, 2002. நியூ சவுத் வேல்ஸின் தென்கோடிக் கடற்கரை, ஈடன் ஊர்ப்பக்கம் டவாம்பா ஆற்றங்கரையில் ஆசிரியர் ஒரு நிலம் வாங்குகிறார். எதிர்க்கரையில் தெரியும் வெட்டவெளிக்குப் பெயர் பிளாக்ஃபெல்லாஸ் பாயின்ட். ஏன் அந்தப் பெயர், அவர்கள் எங்கே, ஊர்க்காரர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று தேடப் போகிறார். என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததை ஓர் ஊர் எப்படி மறந்தது என்பதுதான் புத்தகம். உள்ளூர் அருங்காட்சியகங்களையும் நான் மேலே சொன்ன தலபுராணங்களையும் எப்படி வாசிப்பது என்று இது கற்றுக்கொடுத்துவிடும். ஈடனில் ஓர்க்கா திமிங்கிலங்கள் பெரிய திமிங்கிலங்களை விரிகுடாவுக்குள் மடக்கிக்கொடுக்க, யூயின் மக்களும் டேவிட்சன் குடும்பத்தாரும் ஒரே படகில் போய் வேட்டையாடினார்கள். 1930இல் இறந்த ‘ஓல்ட் டாம்’ என்ற ஓர்க்காவின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. அதே விரிகுடாவில் பென் பாய்ட் என்ற பணக்காரர் தன் பெயரிலேயே ஊர் கட்டி, 1847இல் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கூலிக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரில் இருந்த தேசியப் பூங்காவுக்கு 2022இல் பெயர் மாற்றி ‘பியோவா’ என்று வைத்தார்கள். அந்த மண்ணின் தாவா மொழியில் ஓர்க்கா.

இன்னும் சில வேகமாக. கிரேஸ் கார்ஸ்கென்ஸின் ‘பீப்பிள் ஆஃப் த ரிவர்’, 2020, சிட்னிக்கு மேற்கே ஹாக்ஸ்பரி ஆறு. அபாரமான புத்தகம், 1829இல் ஒரு பாதிரியார் எழுதிவைத்த பூர்வகுடி இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றை நூலகத்தில் அவர் கண்டெடுத்ததும் ஆற்றின் வளைவுகளுக்கெல்லாம் பழைய பெயர்கள் திரும்பத் தொடங்கியதும் தனிக் கதை. ஆனால் தலையணை, முதல் புத்தகமாக வேண்டாம். ஜெஃப்ரி போல்டனின் ‘எ தௌசண்ட் மைல்ஸ் அவே’, 1963, வடக்கு குவீன்ஸ்லாந்து 1920 வரை. கரும்புப் பக்கம் இருப்பவர்கள் பாருங்கள். 1863 முதல் 1904 வரை சுமார் 62,000 முறை பசிபிக் தீவுக்காரர்கள் கரும்புக்கும் மற்ற வேலைகளுக்கும் குவீன்ஸ்லாந்து கொண்டுவரப்பட்டார்கள். ஃபிஜியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினாரே, அந்தத் தீவின் ஆலைகளை நடத்திய சிட்னி சர்க்கரைக் கம்பெனிதான் இங்கே வடக்கிலும் ஆலை வைத்திருந்தது. சமியா கத்தூனின் ‘ஆஸ்திரேலியநாமா’, 2018, ப்ரோக்கன் ஹில் பாலைவன ஊரின் தகர மசூதியில் குர்ஆன் என்று எல்லாரும் நினைத்துப் பத்திரமாக வைத்திருந்த புத்தகத்தை அவர் திறந்து பார்த்தால் அது கல்கத்தாவில் அச்சான வங்காளிச் செய்யுள், நபிமார்களின் கதை. அங்கிருந்து தொடங்கி ஒட்டகக்காரர்கள், கப்பல்காரர்கள் என்று போகிறது. தெற்காசியர் என்ற முறையில் நமக்கு நெருக்கமானது, ஆனால் ஓர் ஊரில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆக என் கணக்கு இது. குவீன்ஸ்லாந்தின் மத்தியப் பகுதியில் இருப்பவர்கள் ஜூடித் ரைட்டின் இரண்டையும் படியுங்கள், அதுவும் எழுதிய வரிசையிலேயே. இரண்டாவதை மட்டும் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, போதாது. முதலாவதில் அந்தப் பாட்டி மேல் பாசம் வந்த பிறகு இரண்டாவதைப் படிப்பது வேறு அனுபவம். வேறு மாநிலத்தில் இருந்து, ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் என்றால் மெக்கென்னா. அதைப் படித்தவருக்கு அவரவர் ஊர்ப் புத்தகத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று தானாகக் கண்ணில் படும். பொறுமையும் மழைக்கால விடுமுறையும் கையில் இருந்தால் ரோல்ஸ். எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று தனியாகக் கேட்டால் ரோல்ஸ்தான், ஆனால் பிடித்தது வேறு, முதலில் படிக்க வேண்டியது வேறு.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டாலும் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கூடவே செலவில்லாமல் இரண்டு வேலை செய்யலாம். தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், உங்கள் ஊர்ப் பெயரையும் 1860 என்றும் போட்டுத் தேடிப்பாருங்கள். குடியேற்றக் காலப் படுகொலைகள் நடந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டும் வரைபடம் ஒன்றை நியூகாசில் பல்கலைக்கழகம் 2017இல் தொடங்கியது, அதில் உங்கள் மாவட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே புள்ளி இருந்து, உங்கள் கையிலிருக்கும் ஊர் வரலாற்றில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் குழுவில் இன்ஜினியர் அண்ணாவைச் சமாதானப்படுத்த, பிளேனிக்கு மூன்றாவது மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் மாதம் ‘ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ பேசி முடித்தோம். ஒரே பிரதி ஆறு வீட்டுக்குச் சுற்றியதில் அட்டையில் சாம்பார்க் கறை, நூலகத்தில் என்ன சொல்வார்களோ. புத்தகம் படிப்போம் என்று முதலில் சொன்ன அந்த அக்காதான் அதிகம் பேசினார். பதினெட்டு பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத தேசத்தில் குடித்தனம் போட்ட பெண்ணின் கதையல்லவா, அவர் சிட்னி ஏர்போர்ட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ராத்திரியையெல்லாம் சொன்னார். கிளம்பும்போது, “அந்த மே பாட்டியை ரொம்பப் பிடிச்சுப்போச்சுப்பா, இன்னொரு புக்கும் அவங்க குடும்பத்தைப் பத்தித்தானே?” என்று கேட்டார்.

ஆமாம் அக்கா என்று மட்டும் சொல்லி, நூலகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.